மேடு ஏறும்போது மட்டும் வரும் தூசி

1

விதி இதுதான். ஒருவருடைய இரத்தத்தில் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் சேர்ந்தாற்போல் ஏறியிருந்து, இது குடும்பவழி வந்ததோ என்ற ஐயம் மருத்துவருக்கு எழுந்தால், அவருடைய உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் தகவல் சொல்லி அவர்களையும் பரிசோதனை செய்துகொள்ள வைக்க வேண்டும். எனக்கு வைத்தியம் பார்க்கும் கிளினிக்கில் கொடுக்கும் மடிப்புத் தாளில் இது தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆனால் அந்த உடன்பிறந்தவர் கோலார் தங்கவயலில், ஆண்டர்சன்பேட்டையில், டாக்டர் பலகையைக் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடும் மனிதராக இருந்தால் என்ன செய்வது என்று அதில் இல்லை. விதி எழுதுகிறவர்களுக்கு அண்ணன்கள் இருப்பதில்லை போலிருக்கிறது.

நான் இருப்பது தெற்கு வேல்ஸில், இரண்டு மலைகளுக்கு நடுவே மழை வந்து தங்குவதற்கென்றே ஏற்பட்ட ஒரு பழைய நிலக்கரி ஊரில். தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு என் மனைவி சாந்திக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது. விசாவில் நான் அவளுடைய இணைப்பு. அங்கே கம்பெனியின் பெர்சனல் ஆபீஸில் கோப்பு தள்ளியவன், இங்கே நகராட்சி வீட்டுவசதி அலுவலகத்தில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றேன். இரண்டு நாட்டிலும் ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் தூங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு தங்கச் சுரங்கம் மூடிய ஊரிலிருந்து ஒரு கரிச் சுரங்கம் மூடிய ஊருக்கு வந்திருக்கிறேன். முன்னேற்றம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

வருடாந்திரப் பரிசோதனையில் என் இரண்டு எண்களும் சிவப்பில் வந்தன. இடுப்புச் சுற்றளவும் அப்படியே. ரியான் என்கிற நர்ஸ், முப்பது வயதுக்காரி, இந்த ஊர்க்காரி, கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“இரவில் என்ன சாப்பிடுவீர்கள்?”

“இரவில் டிபன் மட்டும்தான்,” என்றேன், சற்றுப் பெருமையாக.

அவள் முகம் மாறிவிட்டது. “தினமுமா?”

“தினமும். டாக்டர்கள் சொல்வதுதானே. சோறு கிடையாது, டிபன்தான்.”

அவள் ஏதோ நீளமாகத் தட்டச்சு செய்தாள். வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னதும் அவள் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்த நாட்டில் டிபன் என்றால் பிஸ்கட்டை நொறுக்கி, வெண்ணெயும் பாகும் சேர்த்து, மேலே சாக்லேட் ஊற்றி உறையவைத்த பலகை. இருபது வருடத்துக்கு மேலாக இங்கே இருக்கிறேன், கடையில் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் இரண்டையும் சேர்த்து யோசித்ததில்லை. என் மருத்துவக் கோப்பில் இன்றும் நான் தினமிரவு அதைத் தின்று படுக்கப் போகும் ஆள். திருத்தம் கோரி எழுதிப் போட்டிருக்கிறேன். அது எந்த மேசையில் தூங்குகிறது என்றும் தெரியும்.

ஆனால் ரியான் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு என்னிடம் வேடிக்கையான பதில் இல்லை. “குடும்பத்தில் யாராவது இளவயதில் மாரடைப்பில்?”

அப்பா சுரங்கத் தூசியில், மெலிந்து மெலிந்து போனார். அது கணக்கில் வராது. ஆனால் சித்தப்பா இருந்தார். நல்ல பருமன். ஒரு காலை ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டில் கறிக்கடை வரிசையில் நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. கண்ணேறு என்று சொல்லிப் பூசணிக்காய் உடைத்தோம். அந்தக் கோப்பை நாங்கள் அதோடு மூடியிருந்தோம்.

2

மடிப்புத் தாளின்படி நான் தகவல் சொல்ல வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் மகன், பிரிஸ்டலில் இருக்கிறான். அவனுக்கு மூன்று பத்தியில் விளக்கமாக எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதற்குப் பிறகு நான்கு முறை கேட்டாயிற்று. நான்கு கட்டைவிரல்கள். இவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பட்ட பாட்டை நினைத்தால், அவன் இப்போது எந்த மொழியையுமே மிச்சம் வைக்கவில்லை என்பதில் ஒரு நியாயம் தெரிகிறது.

இன்னொருவர் அண்ணன் கோவிந்தன். அப்பா போனதும் பள்ளிக்கூடத்தை விட்டு நந்திதுர்க் சுரங்கத்தில் இறங்கியவர். அவர் இறங்கியதால்தான் நான் மேலே காலேஜுக்குப் போனேன். எழுபதை நெருங்குகிறார். நான் பருமன் என்றால் அவர் என்னைப்போல் ஒன்றரை. ஞாயிறு காலை எனக்கு, பிற்பகல் அவருக்கு. அதுதான் எங்கள் போன் நேரம்.

“அண்ணா, நீ ஒரு ரத்த டெஸ்ட் எடுக்கணும். கொலஸ்ட்ரால்.”

“இன்னாத்துக்கு?”

“எனக்கு ஏறிக்கீது. குடும்பத்துல இருந்தா உனக்கும் இருக்கும்னு சொல்றாங்க.”

“உனக்கு ஏறுச்சுன்னா நீ எறக்குடா. ஒனக்குக் காய்ச்சல் வந்தா நான் மாத்திர திங்கணுமா?”

பின்னால் அண்ணி சரோஜா சிரிப்பது கேட்டது.

“அண்ணா, வெளயாட்டு இல்ல. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா உனக்கு?”

“வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. மார்க்கெட்ல இருந்து மேடு ஏறி வரச்சொல்ல கொஞ்சம் புடிக்கும். நின்னு நின்னு வருவேன். அது டஸ்ட்டு. அண்டர்கிரவுண்ட்ல எறங்கனவன் எவனுக்கு இல்ல?”

நானும் அங்கேயே வளர்ந்தவன் என்பதால் அந்தச் சொல் என் காதில் இடறாமல் போய்விட்டது. எங்கள் ஊரில் இருமினால் டஸ்ட், மூச்சு வாங்கினால் டஸ்ட், மாடி ஏறாவிட்டால் டஸ்ட். நான் என் கேள்விப் பட்டியலுக்குத் திரும்பினேன். எண்ணெய் எவ்வளவு, ஆட்டுக்கறி வாரம் எத்தனை முறை, முட்டை, பொரித்த மீன். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னார். கறிகூட மாதம் இருமுறைதானாம். பாவம், பொய்யும் சொல்லவில்லை.

3

இங்கே என் தண்டனைக் காலம் தொடங்கியது. மருந்து ஒன்று: இரவில் ஒரு ஸ்டாட்டின் மாத்திரை. அது எல்.டி.எல்.லைப் பார்த்துக்கொள்ளும், டிரைகிளிசரைடை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் ரியான். கொழுப்பு என்ற பெயர் இருந்தாலும் அந்த இரண்டாவது ஆசாமி எண்ணெயைவிடச் சர்க்கரையையும் வெள்ளைச் சோற்றையும் மதுவையும் தின்றுதான் வளர்கிறான். உடம்பில் கொஞ்சம் எடை இறங்கினாலே அவன் முதலில் இறங்குவான். முதலாமவன் நெய்யிலும் வெண்ணெயிலும் பிடிவாதமாக உட்கார்ந்திருப்பவன்.

காலையில் ஓட்ஸ். ஓட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை: அது உணவல்ல, ஒழுக்க நடவடிக்கை. கடையில் ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, கண்ணாடியைக் கழற்றி மாட்டி, நுண்ணெழுத்து படித்துக்கொண்டு நிற்கிறேன். என்னைப்போலவே இன்னும் இரண்டு கிழவர்கள் அதே வரிசையில் நின்று படிக்கிறார்கள். பேசிக்கொள்வதில்லை. சாந்தி ஓய்வுபெற்ற நர்ஸ். அதாவது வார்டு இல்லாத நர்ஸ், எனவே நான்தான் வார்டு.

“ஏங்க, அந்த மூணாவது பிஸ்கட் யாருக்கு?”

“விருந்தாளிக்கு.”

“இந்த மழையில எவன் வரான்? வைங்க கீழ.”

மழையில் மலைச்சரிவு ஏறி நடக்கிறேன். மேலே பழைய கரிக்கழிவு மேட்டின்மீது புல் வளர்த்து, பெஞ்சு போட்டு, நடைபாதை என்று பலகை வைத்திருக்கிறார்கள். தங்கம் பிரித்த கழிவு குவிந்த எங்கள் ஊர்ச் சயனைடு மேடுகளுக்கு யாரும் பெஞ்சு போடவில்லை. காற்றடிக்கும் மாதங்களில் அவை வெள்ளையாகக் கிளம்பி வந்து நம் வீட்டிலேயே உட்கார்ந்துவிடும். இங்குள்ள பெஞ்சில் உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருப்புக் கொள்வதில்லை. இறங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இருப்புக் கொள்வதில்லை. அண்ணன் டெஸ்ட் எடுத்தாரா என்று போன் செய்வேன். “எடுக்கலாண்டா”, “மழ பெய்யுது”, “உன் அண்ணிக்கு முட்டி வலி.”

இரண்டு மாதத்தில் நான் இளைத்தது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. சந்தோஷப்பட்டது நான் மட்டும். வீடியோ அழைப்பில் அண்ணி என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இன்னாங்க தம்பி இது, மூஞ்சியெல்லாம் ஒடுங்கிப்போச்சு! நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்தீங்களா?”

“நல்லாத்தான் இருக்கேன் அண்ணி. வேணும்னுதான் எளச்சேன்.”

“வேணும்னு எவனாவது எளப்பானா? சாந்தி, இன்னாம்மா ஆக்கிப் போடற நீ அவருக்கு?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சுரங்கத்தில் தூசி பிடித்த ஆள் முதலில் மெலிவான். சட்டை தொளதொளக்கும், கன்னம் விழும், அப்புறம் இருமல். ஆகவே கம்பெனி வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் தொந்தி என்பது நற்சான்றிதழ். தொந்தி போட்டவன் தப்பித்தவன். பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். அண்ணன் தன் வயிற்றை இரண்டு கையாலும் தட்டிக்காட்டிச் சொன்னார்.

“டேய், முப்பது வருசம் கேஜ்ல எறங்கி ஏறனவன் நான். பாரு இத. ஒடம்பு வச்சவனுக்கு டஸ்ட்டு இல்ல. உன் வயித்த நீ ஏன்டா தொலச்ச?”

4

அப்போது நான் செய்த காரியத்தை எங்கள் ஊர்க்காரன் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டான்.

பெர்சனல் ஆபீஸில் எங்களிடம் ஒரு சீட்டு உண்டு. சுரங்கத்தில் இறங்கும் ஆட்களை நெஞ்சுப் படம் எடுக்க ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லும் சீட்டு. “மேற்படி நபர் இன்ன தேதியில் ஆஜராகுமாறு இதன்மூலம் உத்தரவிடப்படுகிறது.” போனில் சொன்னால் கேட்காத அண்ணன், தாளில் வந்தால் கேட்பார் என்று எனக்குத் தோன்றியது. அதே நடையில், அதே இடைவெளிகளோடு தட்டச்சு செய்தேன். பெயர், தந்தை பெயர், அவருடைய பழைய டோக்கன் எண். பன்னிரண்டு மணி நேரம் பட்டினியாக இருந்து, கொழுப்புப் பரிசோதனைக்கு ஆஜராகவும். கீழே கையெழுத்து, பதவியோடு. படம் எடுத்து அனுப்பிவிட்டு, அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். பாதி விளையாட்டு. மீதிப் பாதி, நான் வாழ்நாள் முழுவதும் நம்பிய ஒரே மொழி.

நான் மறந்துபோனது ஒன்று. அந்தச் சீட்டை எழுதும் பக்கத்தில் இருந்தவன் நான். வாங்கும் பக்கத்தில் இருந்தவர் அவர். சீட்டு வந்து, படத்தில் நிழல் தெரிந்தால் கீழ் வேலை கிடையாது, மேலே ஏதோ எடுபிடி, குறைந்த கூலிக்கு. அதனால் ஆட்கள் சீட்டு வரும் வாரத்தில் காட்பாடிக்குச் சாவு என்பார்கள், கங்கையம்மன் திருவிழா என்பார்கள். அண்ணனும் அப்படி எத்தனையோ சாவுகளுக்குப் போனவர்.

மறுநாள் போன் வந்தது. ஞாயிறுகூட இல்லை.

“இன்னாடா, இன்னும் ஆபீஸ்ல ஒக்காந்துக்கினு கீறியா?”

“அண்ணா, தமாசுக்கு—”

“எது தமாசு? அந்தச் சீட்டு வந்தா வூட்ல அடுப்பு எரியுமான்னு உன் அண்ணி அழுவா. தெரியுமா உனக்கு? உனக்கு எங்க தெரியும், நீதான் சீல் குத்தறவன். ஆஜராவணுமாம் ஆஜர். போடா.”

வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. அண்ணியை அழைத்தால், “தூங்கறாருங்க தம்பி,” என்பார். பின்னால் அண்ணன் யாரிடமோ உரக்கப் பேசுவது நன்றாகக் கேட்கும்.

5

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. இரண்டு எண்களும் இறங்கியிருந்தன. டிரைகிளிசரைடு இறங்கியதில் ரியானுக்கே ஆச்சரியம். “டிபனை நிறுத்திவிட்டீர்கள் போல,” என்றாள். விளக்கும் மனநிலையில் நான் இல்லை.

“குடும்பத்தாருக்குச் சொல்லிவிட்டீர்களா?”

“மகனிடமிருந்து கட்டைவிரல். அண்ணன் பேசுவதை நிறுத்திவிட்டார்.”

“உங்கள் அண்ணனுக்குத் தொந்தரவு ஏதாவது?”

“பெரிதாக இல்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர். மேடு ஏறினால் நெஞ்சைப் பிடிக்கும். தூசி.”

தட்டச்சு நின்றது. அவள் நாற்காலியைத் திருப்பினாள். மூன்று மாதத்தில் என் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அன்றுதான்.

“என் தாத்தாவும் தூசி என்றுதான் சொன்னார்,” என்றாள். “இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் அப்படித்தான். தபால் நிலையம் வரை ஏறுவார், பாதியில் நிற்பார், தூசி என்பார். நின்றதும் விட்டுவிடும். பாட்டி இருமல் மருந்து வாங்கி வாங்கிக் கொடுத்தார். கடைசியில் அது இதயம். உங்கள் அண்ணனுக்கு நின்றதும் விடுகிறதா?”

எனக்குத் தெரியவில்லை. கறி எத்தனை முறை என்று கேட்டவன், முட்டை எத்தனை என்று கேட்டவன், இதைக் கேட்கவில்லை.

“இது கொழுப்பு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம் என்கிற விஷயமில்லை,” என்றாள். “ஒரு டாக்டர் அவரைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே. சும்மா இருக்கும்போதே வலி வந்தால் அந்த நிமிடமே.”

வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்று அண்ணியை அழைத்தேன்.

“அண்ணி, அண்ணன் மேடு ஏறச்சொல்ல நெஞ்சு புடிக்குதே, நின்னா விட்டுடுதா?”

“நின்னா உட்டுடுதுங்க. கம்பத்தப் புடிச்சிக்கினு நிப்பாரு. அப்பால வெல்லத்த வாய்ல போட்டுக்கினு ஏறுவாரு.”

“இன்னா வெல்லம்?”

“இன்னா வெல்லமா? டஸ்ட்டுக்கு வெல்லங்க தம்பி. எப்பவும் திங்கறதுதான? ஷிப்ட்டு முடிஞ்சா ஒரு கட்டி. இப்ப சயனைடு மேட்டுக் காத்து வேற. காலைல ஒண்ணு, மேட்டுல ஒண்ணு, சாப்ட்டு ஒண்ணு. ஜோபிலயே வச்சிருப்பாரு.”

வெல்லம் தொண்டைத் தூசியை வழித்துக்கொண்டு போகும் என்பது எங்கள் ஊரில் விவாதத்துக்கு அப்பாற்பட்டது. ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜ் மேலே வந்ததும் ஆட்களின் கை முதலில் போவது சட்டைப்பைக்கு. அப்பா தின்றார். அண்ணன் தின்றார். மூடிய சுரங்கத்தின் தூசிக்கு மருந்தாக, இருபது வருடத்துக்கு மேலாக இன்னும் தின்றுகொண்டிருக்கிறார். நான் கேட்டபோது சொல்லாததற்குக் காரணம் எளிது. நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டேன். வெல்லம் மருந்து.

6

உத்தரவு போட்டுக் கெடுத்தாயிற்று. கெஞ்சினால் கேட்கிற ஆள் இல்லை. வீட்டுக்குப் போகாமல் கரிக்கழிவு மேட்டின் பெஞ்சுக்கு ஏறினேன். ஏறும்போதே எனக்கு விளங்கியது. முப்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். அண்ணனின் வாக்குமூலங்கள் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

குரல் செய்தி அனுப்பினேன். எழுத்தில் அல்ல, தாளை நம்பியதற்கு ஏற்கெனவே அனுபவித்தாயிற்று.

“அண்ணா, கோவம் இருந்தா இருக்கட்டும், இத மட்டும் கேளு. ஒடம்பு வச்சவனுக்கு டஸ்ட் இல்லன்னு நீதான சொன்ன? வயித்தத் தட்டிக் காட்டுன. அப்ப உனக்கு டஸ்ட் இல்ல. டஸ்ட் இல்லன்னா மேட்டுல புடிக்கிறது இன்னா? டஸ்ட்னா மேட்டுல மட்டும் வருமா, நின்னா போவுமா? அப்பாவுக்கு ஒக்காந்தாலும் படுத்தாலும் வாங்குச்சே. சித்தப்பாவுக்கும் ஒடம்பு இருந்துச்சு. யோசி. சீட்டு இல்ல இது. உன் தம்பி கேக்கறான்.”

இரண்டு கோடும் நீலமாயின. கேட்டுவிட்டார். பதில் இல்லை.

அந்த நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. போனை ஓட்ஸ் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், குளியலறை ஜன்னலில் வைத்தேன். நடக்கப் போனால் பாதியில் திரும்பினேன். என் நல்ல எண்கள் இருந்த தாள் ஒட்டிய குளிர்பெட்டிக் கதவைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. சாந்தி அந்தத் தாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வரும் அண்ணன் மகள் மஞ்சுளாதான் முதலில் அழைத்தாள்.

“சித்தப்பா, டென்ஷன் ஆவாதீங்க. அப்பா இன்னாமோ உங்க வாய்ஸ் மெசேஜை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாரு. அப்புறம் அவரே, ‘கோலார் ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா’ன்னாரு. நான் லீவ் போட்டேன். ஈசிஜி எடுத்தாங்க, ரிப்போர்ட் பாத்துட்டு உடனே பெங்களூர் போங்கன்னுட்டாங்க. இங்கதான் இருக்கோம். டாக்டர்கிட்ட ‘பேடா சார் பேடா’ன்னு கன்னடத்துல கெஞ்சறாரு, ஸ்கேன் வேணாமாம். டாக்டர் திருவண்ணாமலைக்காரர் சித்தப்பா! தமிழ்லயே திட்டினாரு.”

“இப்ப எப்படி இருக்காரு?”

“ரெண்டு எடத்துல அடைப்பு. நாளைக்கு ஸ்டென்ட்டு வைக்கிறாங்க. ப்ளட் ரிப்போர்ட்டும் வந்துது. எல்.டி.எல். ஜாஸ்தி, அந்த ட்ரை… அது இன்னும் ஜாஸ்தி. நீங்க சொன்ன மாதிரிதான்.”

நான் சொன்ன மாதிரி இல்லை. நான் கேட்ட மாதிரி கறியையும் முட்டையையும் எண்ணிக்கொண்டிருந்தால் அவர் இன்னும் வீட்டில் வெல்லம் தின்றுகொண்டிருப்பார். மகனுக்கு மட்டும் ஒரு வரி எழுதினேன்: பெரியப்பாவுக்கு நாளை இதயத்தில் ஸ்டென்ட். இம்முறை கட்டைவிரல் வரவில்லை. போன் வந்தது. எங்கே இரத்தம் கொடுக்க வேண்டும், பட்டினி இருக்க வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டான். கடைசியில், “பெரியப்பா நல்லாயிடுவாரா?” என்று தமிழில் கேட்டான்.

மறுநாள் முழுக்க ஊரிலிருந்து ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை, ஓட்ஸ் கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தபோது, குரல் செய்தி ஒன்று வந்தது. மூச்சு கொஞ்சம் மெதுவாக, ஆனால் பெர்சனல் ஆபீஸ் சீட்டைப் படிக்கும் தோரணையில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி:

“தங்கள் உத்தரவுப்படி மேற்படி நபர் ஆஜரானார். நெஞ்சுப் படத்துல தூசி இல்ல. கொழாய்ல கொழுப்பு இருந்துது, தள்ளிட்டாங்க. வெல்ல டப்பாவ உன் அண்ணி பறிமுதல் பண்ணிட்டா. இப்படிக்கு, கோவிந்தன், அண்டர்கிரவுண்டு. டேய், மேட்டுல நிக்காம ஏறிக் காட்டறேன், வந்து பாரு. அந்த ஆபீஸ் சீல அங்கயே வச்சிட்டு வா.”

பதில் வந்த தேதி, நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.